பட்டனின் மூன்று கால்கள்

டிம்ப்னா மல்ஹேர் எனக்குப் போன் செய்தால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். ஒரு குதிரையை விற்க வேண்டும், அல்லது நான் வாங்கிக் கொடுத்த குதிரையைப் பற்றி என்னைத் திட்ட வேண்டும். அந்த ஜூன் மாதத் திங்கட்கிழமை அவள் திட்டவில்லை. குரலும் மெதுவாக இருந்தது. எனக்கு லேசாகப் பயம் வந்தது.

"ஜார்லத், பட்டனை வந்து பாரு. அவ என்ன குதிரைன்னு எனக்குச் சொல்லு."

"சொன்னா எனக்கு என்ன கிடைக்கும்?"

"வித்தா உன் அஞ்சு சதவீதம். விக்கலேன்னா ஒரு கப் டீ."

"டீ மட்டுமா?"

"நேத்து சுட்ட ரொட்டி இருக்கு. வாயை மூடிட்டு வா."

நான் குதிரைத் தரகன். என் அப்பா, சித்தப்பா, அம்மாவின் தம்பிகள் எல்லாரும் பாலினஸ்லோ சந்தையில் குதிரையும் கழுதையும் கைமாற்றியவர்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டால்கூட, பதிலுக்கு நீ என்ன தருவாய் என்று கேட்பார்கள். அப்படி வளர்ந்தவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல் என்று கேட்பது கொஞ்சம் விபரீதமான காரியம்தான். டிம்ப்னாவுக்கு அது தெரியும். வேறு வழியில்லாததால் கூப்பிட்டாள்.

விஷயம் இதுதான். அயர்லாந்தில் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் கர்ரா புல்வெளியின் ஓரத்தில் டிம்ப்னாவுக்குப் பதினாலு கொட்டடிகள் கொண்ட ஒரு லாயம். இருபத்திரண்டு வருஷமாக வாடகைக்கு. இடத்துக்காரர் டப்ளினில் பல் டாக்டர். அவர் இப்போது இடத்தை விற்கப் போகிறார். பழகிய தோஷத்துக்கு டிம்ப்னாவிடம் முதலில் சொன்னார்: மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் வீடு கட்டுகிறவர்களுக்கு. டிம்ப்னாவிடம் பணமாக மாறக்கூடியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வயதுப் பெட்டைக் குதிரை. பந்தயத்துக்கான பெயர் ஏதோ நீளமாக இருக்கிறது. லாயத்தில் எல்லாருக்கும் அது பட்டன்.

கோர்மக் டீசி என்ற தரகன், ஒரு வெளிநாட்டு முதலாளிக்காகப் பட்டனுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் யூரோ பேசியிருந்தான். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரை அந்த விலை நிற்கும். விற்றால் வங்கியிடம் பேசி லாயத்தை வாங்கிவிடலாம். ஆனால் கட்டுவதற்கு உருப்படியான குதிரை இருக்காது. விற்காவிட்டால் குதிரை இருக்கும், கட்டுவதற்கு இடம் இருக்காது.

"அவ சாதாரணக் குதிரைன்னா இந்த விலை சொர்க்கத்துலேருந்து வந்தது," என்றாள் டிம்ப்னா. "பெரிய குதிரைன்னா, நான் என் வாழ்நாள்ல பார்த்த ஒரே நல்ல குதிரையை ஒரு கேட்டுக்கும் பதினாலு கதவுக்கும் வித்தவளா ஆயிடுவேன். அதனால நீ சும்மா தலையை ஆட்டிட்டுப் போயிடாதே."

புதன்கிழமை காலை போனேன். பட்டனை முற்றத்தில் நிறுத்தினார்கள்.

நின்ற நிலையில் பார்த்தால் பட்டனுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். அது மே மாதக் கடைசியில் பிறந்தது. பந்தய உலகத்தில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். எனவே ஜனவரியில் பிறந்த தடியனும் மே மாதத்தில் பிறந்த குழந்தையும் ஒரே வகுப்பு. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் இரண்டு விரல் உயரம். இன்னும் வளரப் போகிறது என்று அர்த்தம். தலை கொஞ்சம் நீளம். காது கழுதைக்குக் கடன் கொடுக்கலாம். ஆனால் நடக்கவிட்டபோது நான் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். முன்கால் பதிந்த இடத்தைத் தாண்டி ஒரு முழம் தள்ளிப் பின்கால் விழுந்தது. அவசரமே இல்லாத நடை. சொந்தத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிற பணக்காரி மாதிரி.

"என்ன?" என்றாள் டிம்ப்னா.

"காது பெரிசா இருக்கு."

"உன் அம்மா உன்னைப் பெத்தப்போ அதைத்தான் சொல்லியிருப்பாங்க. வேற?"

"ஓடட்டும், பார்ப்போம்."

பட்டன் மேல் ஏறியவன் மொஸ்ஸி. அறுபத்தொரு வயது, நனைந்தால்கூட ஐம்பது கிலோ தேறமாட்டான். ஒரு காலத்தில் ஜாக்கி. இப்போது டிம்ப்னாவிடம் காலைப் பயிற்சிக்குக் குதிரை ஓட்டுகிறான். பேச்சு குறைவு. ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசினால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று நினைப்பவன் போல.

கூட ஓடியது கர்னல். ஏழு வயது, காயடித்த குதிரை. அதன் திறமை இந்த வெளியில் எல்லாருக்கும் மனப்பாடம். சின்னப் பந்தயங்களில் மூன்றாவது, நான்காவது வரும். அதற்கு மேலும் போகாது, கீழும் இறங்காது. டிம்ப்னாவின் லாயத்தில் அதுதான் அளவுகோல். கர்னலைத் தாண்டினால் குதிரை தேறும், கர்னலிடம் தோற்றால் சவாரிப் பள்ளிக்குப் போகும். இங்கே எல்லா லாயத்திலும் இப்படி ஒரு கிழவன் உண்டு. டாக்டர் சொல்வதைக்கூட நம்பாத பயிற்சியாளர்கள் அவனை நம்புவார்கள்.

ஐந்து ஃபர்லாங், அதாவது ஒரு கிலோமீட்டர். செம்மறி ஆடுகள் ஓரமாக ஒதுங்கிக்கொண்டன. கர்னல் முன்னால், பட்டன் இரண்டு குதிரை நீளம் பின்னால். கடைசி ஃபர்லாங்குக்கு முன் பட்டன் மேலே வந்தது. வந்து கர்னலின் தோளோடு தோள் சேர்ந்தது. அப்படியே முடிந்தது. மூக்குக்கு மூக்கு.

"பார்த்தியா?" என்றாள் டிம்ப்னா. "சமம். எப்பவும் சமம். இந்த வயசுல கர்னலோட சமம்னா மோசமில்ல. நல்ல குதிரை. பெரிய குதிரை இல்ல. அப்படித்தானே?"

அப்படித்தான். கணக்குப் போட்டால் அதுதான் விடை. டீசி போட்டதும் அதே கணக்குதான். அவனும் இரண்டு தடவை வந்து பார்த்திருக்கிறான். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் விற்பாள். விற்றால் எனக்கு ஆறாயிரம். என் நாக்கு நுனியில் அந்த ஆமாம் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஐந்து சதவீதமும் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அந்த ஆமாமை நான் நம்பவில்லை.

குதிரைகள் திரும்பி வந்தன. கர்னலின் விலா துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. பட்டன் ஒரு புல்லைப் பிடுங்கி மென்றுகொண்டு வந்தது.

"எத்தனை தடவை இவங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஓடவிட்டிருக்கே?"

டிம்ப்னா டைரியைப் புரட்டினாள். "இன்னியோட பன்னெண்டு."

"பன்னெண்டும் சமமா?"

"எழுதி வச்சிருக்கேன், பாரு. சமம். சமம். சமம்."

"மழை நாளும்?"

"மழை நாளும்."

"கர்னலுக்கு உடம்பு சரியில்லாத நாள்?"

அவள் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. ஏப்ரல் பதினேழு. கர்னலுக்கு இருமல், ஆறு நீளம் மெதுவான ஓட்டம். அதற்குக் கீழேயும் அதே ஒரு வார்த்தை.

சந்தையில் வளர்ந்ததில் எனக்கு ஒரு லாபம் உண்டு. இரண்டு கடைக்காரர்கள் பன்னிரண்டு நாள் தொடர்ந்து ஒரே விலை சொன்னால், அது பொருளின் விலை என்று நான் நினைக்கமாட்டேன். ஒருத்தன் இன்னொருத்தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைப்பேன். உயிருள்ள இரண்டு பிராணிகள் வெயிலிலும் சேற்றிலும், பசியிலும் இருமலிலும், பன்னிரண்டு தடவையும் மூக்குக்கு மூக்கு முடிவதில்லை. ஒன்று மற்றதைப் பார்த்து ஓடினால் தவிர.

"டிம்ப்னா, நீ பட்டனை அளக்கவே இல்ல. பன்னெண்டு தடவை கர்னலைத்தான் அளந்திருக்கே."

அவள் டைரியை மூடினாள். முகம் வெளுத்துச் சிவந்தது. இருபத்திரண்டு வருஷத் தொழில். அதனால் நேராக மொஸ்ஸியைப் பார்த்தாள். அவன் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தான்.

"மொஸ்ஸி! இவ சும்மா வர்றாளா உன்கூட? கையில இன்னும் ஓட்டம் வச்சிருக்காளா?"

"வச்சிருக்கா, பாஸ்."

"எவ்வளவு?"

"தெரியாது. நான் அடி வரைக்கும் போனதில்ல."

"எப்போலேருந்து உனக்குத் தெரியும்?"

"மார்ச்லேருந்து."

"மார்ச்! ஏன்டா சொல்லல?"

மொஸ்ஸி சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டான். "நீங்க என்னைக் கேக்கல. கர்னலைக் கேட்டீங்க."

நான் சிரித்துவிட்டேன். டிம்ப்னா சிரிக்கவில்லை. என் ரொட்டி போயிற்று என்று நினைத்தேன், ஆனால் சமையலறைக்குக் கூட்டிப் போய் ரொட்டியை வெட்டினாள்; கத்தியை வைத்து வெட்டிய வேகத்தில் நான் கையைத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

அங்கேதான் மீதிக் கதையையும் சொன்னாள். பட்டன் பிறந்தபோதே தாய் செத்துவிட்டது. குட்டியை இழந்த ஒரு வண்டிக் குதிரையை, கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருந்த தடித்த பெட்டையை, வாடகைக்குக் கொண்டுவந்து பால் குடிக்க விட்டார்கள். அந்தத் தடிச்சி முதல் மூன்று நாள் பட்டனை உதைத்துத் தள்ளியது. குட்டி விடவில்லை. உதை விழாத தூரத்தில், விலாவை ஒட்டி, அது நகர்ந்தால் நகர்ந்து, நின்றால் நின்று, ஒட்டிக்கொண்டே கிடந்தது. நான்காம் நாள் பால் கிடைத்தது.

"அன்னிக்குக் கத்துக்கிட்டது இது," என்றாள் டிம்ப்னா. "முன்னாடி போனா உதை. பின்னாடி தங்கினா பசி."

அது குதிரையைப் பற்றி மட்டும் சொன்னது போல இல்லை. டிம்ப்னாவின் புருஷன் அவளைவிட நன்றாகக் குதிரை தெரிந்தவன் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் ஓடிப்போய் ஒன்பது வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"இப்போ சொல்லு," என்றாள். "விக்கவா, வைக்கவா?"

"கர்னலைவிட நல்ல ஒருத்தன் பக்கத்துல விட்டுப் பார்க்கணும்."

"என்கிட்ட ஏது?"

"ஸ்கல்லிகிட்ட இருக்கு."

ஃபின்டன் ஸ்கல்லிக்கு அடுத்த சாலையில் தொண்ணூறு குதிரைகள். அவனிடம் பிஷப் என்று ஒரு நாலு வயசுக் குதிரை. போன இலையுதிர் காலத்தில் பெரிய பந்தயம் ஒன்றில் இரண்டாவது வந்தது. வியாழக்கிழமை, லாடம் அடிக்கிறவன் கொட்டகையில் ஸ்கல்லியைப் பிடித்தேன்.

"ஃபின்டன், பிஷப்புக்குச் சனிக்கிழமை காலை வேலை இருக்கா?"

"ஏன், உன் கல்யாணத்துக்கு வண்டி இழுக்கணுமா?"

"டிம்ப்னாவோட குட்டிக்குத் துணை வேணும். கர்னலுக்கு இருமல்."

"கர்னல் இன்னிக்குக் காலையில என் வேலிக்குப் பக்கத்துல நின்னு பாட்டுப் பாடிட்டிருந்தான். ஜார்லத், நீ உண்மை பேசினா எனக்குப் பயமா இருக்கும், அதனால பொய்யையே சொல்லு, பரவாயில்ல. ஆனா நல்லாச் சொல்லு."

கடைசியில் செப்டம்பர் ஏலத்தில் நான் குறித்து வைத்திருக்கும் குட்டிகளில் ஒன்றை அவனிடம் முதலில் சொல்வதாகப் பேச்சு முடிந்தது. அவனுடைய ஆள்தான் பிஷப்பை ஓட்டுவான், அவனும் நின்று பார்ப்பான். இந்த வெளியில் ஒரு நல்ல குதிரையை ஒளித்து வைப்பதைவிட அதைக் கொன்றுவிடுவது சுலபம். எனவே ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மெல்லிய தூறல். ஸ்கல்லி காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினான். முட்புதர் ஓரத்தில் இன்னொரு கார் நின்றது. உள்ளே தொலைநோக்கியோடு டீசி. பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியவன் ஆறரைக்கே வந்திருக்கிறான். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. லாடம் அடிக்கிறவன் கொட்டகைக்குச் சுவர் கிடையாது.

பிஷப்பின் மேல் இருந்தவன் எண்பது கிலோ. இரண்டு வயதுக் குட்டி நாலு வயதுக் குதிரையோடு ஓடும்போது அந்த அளவு எடைச் சலுகை நியாயம்தான். டிம்ப்னா என் பக்கத்தில் நின்றாள். கையில் ஸ்டாப் வாட்ச் இல்லை. டைரியும் இல்லை.

பிஷப் ஆரம்பித்த வேகத்தில் நனைந்த மண் பின்னால் தெறித்தது. பட்டன் இரண்டு நீளம் பின்னால். மூன்றாவது ஃபர்லாங்கில் ஸ்கல்லியின் ஆள் குனிந்தான். பிஷப் நீண்டது. நான் மனசுக்குள் பட்டனுக்கு விடை கொடுத்துவிட்டேன். அப்போதுதான் அது மேலே வந்தது. வேகம் கூட்டினது போலவே தெரியவில்லை. நடுவில் இருந்த தரை சுருங்கினது போல இருந்தது. தோளோடு தோள். மூக்குக்கு மூக்கு. எல்லைக் கம்பத்தைத் தாண்டினார்கள்.

ஸ்கல்லியின் ஆளுக்கு ரோஷம். நிறுத்தாமல் இன்னும் ஒரு ஃபர்லாங் விரட்டினான். பட்டனும் போனது. பிறகு பிஷப் களைத்தது. கால் தடுமாறி வேகம் குறைந்தது. பட்டனுக்கு முன்னால் வெறும் பச்சைவெளி, யாருமில்லை, போக வேண்டியதுதான்.

அது போகவில்லை. காதைத் திருப்பி, பிஷப்பைப் பார்த்து, கூடவே மெதுவாகி, அதன் விலா ஓரமாகவே நின்றுவிட்டது.

ஸ்கல்லி காரிலிருந்து இறங்கிவிட்டான். ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் மழையில் நின்றுவிட்டுத் திரும்ப ஏறிப் போய்விட்டான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய பிரசங்கம்.

டிம்ப்னா மெதுவாகச் சொன்னாள்: "அவ எவ்வளவு நல்லவன்னு எனக்கு இப்போ தெரியும். அது போதாதுன்னும் தெரியும்."

அதுதான் சிக்கல். எவ்வளவு பெரிய குதிரையோடு விட்டாலும் எட்டிப் பிடிக்கும். பிடித்தபின் தாண்டுமா? காலையும் நடையையும் மூச்சையும் பார்த்து விலை சொல்ல எனக்குத் தெரியும். தாண்ட வேண்டும் என்ற ஆசை ஒரு உடம்பில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சில பிராணிகளுக்குத் திறமை இருக்கிறது, ஆசை இல்லை. சிலருக்கு ஆசை வேறு எதன் மீதோ. இரண்டு வயதில் ஒருத்தியைப் பார்த்து, இவள் கடைசிவரை இப்படித்தான் என்று எழுதி வைக்கவும் மனசு வரவில்லை. நாளைக்கு மாறிவிடுவாள் என்று விலை ஏற்றவும் மனசு வரவில்லை. தரகனுக்கு இந்த மாதிரி யோசனை ஆகாது.

டீசி புல்லில் பூட்ஸ் சறுக்க வந்து சேர்ந்தான். ஆள் நல்ல உடை, நல்ல பல்.

"மிசஸ் மல்ஹேர், காலை வணக்கம். ரெண்டு லட்சம்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே."

"அதான் நான் சொல்லிட்டேன்."

டிம்ப்னா என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "டீசி, நான் ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோங்க. அவ தாண்டமாட்டா. பக்கத்துல வர்ற வரைக்கும்தான். அப்புறம் துணைக்கு நிப்பா. இப்போ நீங்களே பார்த்தீங்க, காத்திருந்தா. ஜெயிக்கவே மாட்டாளோன்னு எனக்குப் பயமா இருக்கு."

டீசி சிரித்தான். அழகான சிரிப்பு. "ரெண்டு லட்சத்து இருபதாயிரம்."

"நான் விலை பேசல. உண்மையைச் சொல்றேன்."

"சொந்தக் குதிரையை இப்படித் திட்டறவங்களை நான் என் தொழில்ல மூணு பேர்தான் பார்த்திருக்கேன். மூணு பேரும் கடைசிவரை விக்கல. மூணு குதிரையும் ஜெயிச்சுது. ரெண்டு நாப்பது."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் குதிரை விற்கிறவன் நல்லதைச் சொன்னால் சந்தேகப்படுவார்கள். கெட்டதைச் சொன்னால் விற்க மனசில்லை என்று முடிவு கட்டுவார்கள். நடுவில் உண்மைக்கு என்று ஒரு இடம் யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. நான் தொண்டையைச் செருமினேன்.

"டீசி, அவ சொல்றது நிஜம். பன்னெண்டு தடவை கர்னலோட சமமா வந்தது இந்தப் பழக்கத்தாலதான்."

"நீயுமா? ஜார்லத் டான்ஸி வாயால ஒரு குதிரைக்குக் குறை! அப்போ உனக்கும் இதுல பங்கு இருக்கு. ரெண்டு அறுபது, அதுக்கு மேல என் முதலாளியைத் தூக்கத்துலேருந்து எழுப்பணும்."

டிம்ப்னா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. ஐந்து நாளைக்கு முன்னால் இருந்த விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல். உண்மையைச் சொல்லச் சொல்ல ஏறுகிறது. நான் அவள் காதருகே சொன்னேன்: "போதும். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே. வித்துடு." இந்தத் தடவை அதை நம்பித்தான் சொன்னேன், ஐந்து சதவீதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதிலும்.

அவள் திரும்பினாள். வியர்வை துடைத்துக்கொண்டு குதிரையை நடத்திக்கொண்டிருந்த மொஸ்ஸியைக் கூப்பிட்டாள்.

"மொஸ்ஸி, இப்போ உன்னைக் கேக்கறேன். இவ ரேஸ்ல என்ன பண்ணுவா?"

மொஸ்ஸி நின்றான்.

"ரேஸ்ல பதினஞ்சு குதிரை ஓடும், பாஸ். ஒண்ணு களைச்சா இன்னொண்ணு வரும். இவ அதோட போவா. அது களைச்சா அடுத்ததோட. கடைசியில யாரு நல்லவனோ அவன் பக்கத்துலதான் இருப்பா. எவனும் இவளை விட்டுட்டுப் போக முடியாது."

"அப்புறம்?"

"அப்புறம் கம்பத்துக்கிட்ட மூக்கு விஷயம். ஒரு நாள் அவளே மூக்கை நீட்டுவா. நீட்டாமலும் இருக்கலாம். அது அவ இஷ்டம்." கடிவாளத்தைக் கை மாற்றிக்கொண்டான். "ஆனா நீட்டுன்னு சாட்டையால ஒரு அடி விழுந்துச்சுன்னு வைங்க, அவளைப் பொறுத்தவரைக்கும் முன்னாடி போனா உதைதான்னு ஆயிடும். அன்னியோட அவ கதை முடிஞ்சுது."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டீசிக்கும் முகம் மாறியது. முதல்முறையாக அவன் குதிரையைச் சந்தேகப்பட்டது தெரிந்தது. விலை பேசுகிறவள் ஒருத்தி, தரகன் ஒருத்தன், இவர்கள் நடிக்கலாம். இந்தச் சுருங்கிய மனுஷனுக்கு நடிக்கத் தெரியாது.

"எங்க பயிற்சியாளர் இருநூறு குதிரை வச்சிருக்கார்," என்றான் மெதுவாக. "ஒவ்வொண்ணுக்கும் தாலாட்டுப் பாட முடியாது."

"தெரியும்," என்றாள் டிம்ப்னா. "அதனால முழுசா விக்க மாட்டேன். மூணு கால் பங்கு உங்களுக்கு. ஒரு கால் எனக்கு. அவ என் லாயத்துலதான் இருப்பா, நான்தான் பழக்குவேன், காலையில மொஸ்ஸிதான் ஏறுவான். ரேஸ்ல யார் ஏறினாலும் கையில சாட்டை இருக்கக் கூடாது. இது எழுத்துல வரணும்."

"என் முதலாளி மூணு கால் குதிரை வாங்கறதில்ல."

"அப்போ ஒரு கால்கூட வாங்க வேண்டாம்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக அவள் யாராவது சொன்ன விலைக்கு அக்கம்பக்கம் பார்த்துத்தான் தலையாட்டுவாள். நான் வாங்கிக் கொடுத்த உதவாக்கரைக் குதிரைகளெல்லாம் அப்படிப் போனவைதான். இப்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீசி காருக்குப் போய்ப் போன் பேசினான். இருபது நிமிஷம். தூறல் நின்றது. ஆடுகள் திரும்பவும் பாதைக்கு வந்தன. நான் தேவைக்கு அதிகமாக மூன்று தடவை மூக்கைச் சிந்தினேன்.

அவன் திரும்பி வந்தான். "மூணு காலுக்கு ஒண்ணரை லட்சம். சாட்டை விஷயம் ஒரு வருஷத்துக்கு. அடுத்த ஜூன்ல மறுபடி உட்கார்ந்து பேசணும்."

முழுக் குதிரைக்கு இரண்டு அறுபது என்றவன், மூன்று காலுக்கு ஒன்றரை. கணக்குப் பார்த்தால் நாற்பத்தைந்தாயிரம் குறைகிறது. என் வயிறு கணக்குப் பார்த்தது. பாலினஸ்லோ இரத்தம், சும்மா இருக்குமா? "டீசி, இது அநியாயம்..." என்று ஆரம்பித்தேன்.

டிம்ப்னா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அவர் இப்போ நான் சொன்னதை நம்பறார், ஜார்லத். நம்பினா விலை இறங்கத்தான் செய்யும். சரி, டீசி. ஒண்ணரை."

காரின் முன்மூடி மேல் வைத்து எழுதினார்கள். அதில் நின்றிருந்த மழைத்துளி பட்டு மை கொஞ்சம் ஊறியது. டீசி போனபின் மொஸ்ஸி பட்டனை லாயத்துக்கு நடத்திக்கொண்டு போனான். கர்னல் கதவுக்கு மேலே கழுத்தை நீட்டிக் கனைத்தான், பட்டன் பதிலுக்குக் கனைத்தது.

டிம்ப்னா பல் டாக்டருக்குப் போன் போட்டாள். பணம் இருக்கிறது என்று சொன்னாள். மறுபக்கம் என்னமோ நீளமாகப் பேசினார்கள். அவள் முகம் சுருங்கியது. வீடு கட்டுகிறவர்கள் நேற்று வந்து பார்த்தார்களாம், கூடக் கேட்கிறார்களாம், பழகிய தோஷம் ஒருபக்கம் இருந்தாலும் அவரும் யோசிக்க வேண்டியிருக்கிறதாம்.

அவள் போனை என்னிடம் நீட்டினாள். "இன்னிக்கு நான் பேச வேண்டியதைப் பேசிட்டேன். இது உன் வேலை. சதவீதம் கிடையாது, ரொட்டிதான்."

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனை வாங்கினேன்.

"டாக்டர், வணக்கம். அந்த ஏழாவது கொட்டடிக் கூரை ஒழுகறதை நீங்க சமீபத்துல பார்த்தீங்களா?"